காக்கியா, ஆய்வகமா, கம்பெனியா: கேஸ் விசாரிக்கக் கற்றுக்கொள்ள எந்த வழி?

அக்கா மகன் போன மாதம் ஒரு ராத்திரி கூப்பிட்டான். பி.எஸ்சி. வேதியியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மருந்துக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். "மாமா, எனக்குக் கேஸ் விசாரிக்கிற வேலைக்குத்தான் போகணும். எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்கவா, ஃபாரன்சிக் எம்.எஸ்சி. சேரவா? இங்க ஒரு இன்ஸ்டிடியூட்ல ஆறு மாசத்துல கிரைம் சீன் சர்டிஃபிகேட் தர்றாங்களாம், அதையும் பாத்து வெச்சிருக்கேன்" என்றான்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் எஸ்.ஐ. தேர்வை இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டவன். அப்புறம் பதினாறு வருடமாக இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விசாரணையில் இருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி, கோர்ட் மூன்றுக்கும் நடையாய் நடக்கிற வேலை. போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அவனைப் போல இன்னும் பலர் கேட்பதால் எழுதியே வைக்கிறேன்.

இந்த வேலைகளை ஒப்பிடும்போது எல்லோரும் சம்பளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்பேன்: நீ எழுதப்போகும் அறிக்கையை யார் படிக்கப்போகிறார்? எஸ்.ஐ. எழுதுவதைக் கோர்ட் படிக்கும், அதற்கு முன்பே எதிர்த்தரப்பு வக்கீல் வரிவரியாகப் படித்திருப்பார். ஆய்வகத்தில் எழுதுவதும் கோர்ட்டுக்குத்தான் போகும், ஆனால் கையில் வந்த பொருளைப் பற்றி மட்டும். கம்பெனியில் எழுதுவதை ஒரு மேனேஜர் படித்துவிட்டு, பணம் கொடுக்கலாமா, ஆளை வேலையை விட்டு அனுப்பலாமா என்று முடிவெடுப்பார். என்ன கற்க வேண்டும், எந்த அளவு ஆதாரம் வேண்டும், எவ்வளவு தூக்கம் கெடும் என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

முதலில் காக்கி. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 20 முதல் 30 வரை, பி.சி., எம்.பி.சி.க்கு 32, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35. 2025ல் 1,299 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். அதன் பிறகு எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் 15, நேர்முகம் 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்கு 5. அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது.

அந்த 70 மதிப்பெண்ணில் பொது அறிவும் உளவியலும் தர்க்கமும் உண்டு, புலனாய்வு கிடையாது. அதாவது கேஸ் விசாரிக்கத் தெரிந்தவரை எடுப்பதில்லை, எடுத்த பிறகுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் இருக்கும் போலீஸ் அகாடமியில் ஒரு வருடப் பயிற்சி. மீதி எல்லாம் ஸ்டேஷனில்தான். யாரிடம் கற்பாய் என்று கேட்டால், பெரும்பாலும் ஸ்டேஷன் ரைட்டரிடம். எஃப்.ஐ.ஆரை எப்படி எழுதுவது, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் எதை விடக்கூடாது, கைப்பற்றிய பொருளை எந்தப் படிவத்தில் கோர்ட்டுக்கு அனுப்புவது, வழக்கு டைரியை எப்படித் தேதி தவறாமல் எழுதுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. விண்ணப்பிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாலுகா எஸ்.ஐ. வேறு, ஆயுதப்படை எஸ்.ஐ. வேறு. கேஸ் விசாரிக்க ஆசைப்பட்டு வந்தவருக்கு ஆயுதப்படை கிடைத்தால், முதல் சில வருடம் கையெழுத்துப் போட எஃப்.ஐ.ஆரே கிடையாது.

இந்த வேலையின் கனம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்த இடம் ஒரு செஷன்ஸ் கோர்ட். என்னுடைய கேஸ் பக்கத்து அறையில் தள்ளிப்போனதால் சும்மா போய் உட்கார்ந்தேன். கொலை வழக்கு. கூண்டில் விசாரணை அதிகாரி. சம்பவம் நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அதற்குள் அவர் இரண்டு ஸ்டேஷன் மாறிவிட்டார்.

"சம்பவ இடத்துல தெருவிளக்கு இருந்துச்சா?" என்று வக்கீல் கேட்டார்.

"இருந்தது."

"மாதிரி வரைபடத்துல காட்டியிருக்கீங்களா?"

அவர் காகிதத்தைத் திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். வரைபடத்தில் வேப்ப மரம் இருந்தது, சாக்கடை இருந்தது, பெட்டிக்கடை இருந்தது. விளக்கு இல்லை. கண்ணால் பார்த்த சாட்சியோ, ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் ஆளை அடையாளம் கண்டேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். வக்கீல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். அந்த விளக்கு நிஜமாகவே அங்கே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வரைந்த அன்று பகலாக இருந்ததால் கண்ணில் படாமல் போயிருக்கும்.

எஸ்.ஐ. ஆக நினைப்பவர் கற்க வேண்டியது இதுதான்: மூன்று வருடம் கழித்து ஒருவர் எதைக் கேட்பார் என்று யோசித்து இன்றைக்கே எழுதி வைப்பது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதை வைத்துக் கத்தியோ நகையோ எடுத்தால், எடுக்க உதவிய அந்தப் பகுதி மட்டும் செல்லும். வி.ஏ.ஓ.வை சாட்சியாக நிறுத்தி எழுதும் வாக்குமூலங்களில் பாதி இந்த ஒரு விதியைச் சுற்றியே ஓடுகிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் வந்துவிட்டன. சோதனை போடுவதையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருட அவகாசம். ஆக, பழைய நோட்ஸை மனப்பாடம் செய்தவருக்கும் புதிதாக வருபவருக்கும் இப்போது ஏறக்குறைய ஒரே தொடக்கம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கேஸ் விசாரிக்க ஆசைப்பட்டு எஸ்.ஐ. ஆனவர் வருடத்தில் பல நாள் தேர்த் திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் கயிறு பிடித்து நிற்பார். பந்தோபஸ்து முடிந்து வந்து ராத்திரி இரண்டு மணிக்கு வழக்கு டைரி எழுதும் நண்பர்கள் எனக்கு உண்டு. சி.பி.சி.ஐ.டி., பொருளாதாரக் குற்றப்பிரிவு, சைபர் கிரைம், சிலை கடத்தல் தடுப்பு என்று முழுநேரமும் விசாரணையே செய்கிற பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போவது பல வருடம் கழித்து, அதுவும் நம் விருப்பப்படி இல்லை.

பந்தோபஸ்து வேண்டாம், விசாரணை மட்டும் போதும் என்பவருக்கு மத்திய அரசுப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக சி.பி.ஐ. எஸ்.ஐ. ஆகலாம். அடிப்படைச் சம்பளம் 44,900. என்.ஐ.ஏ. எஸ்.ஐ., அமலாக்கத்துறை உதவி அதிகாரி இடங்களும் அதே தேர்வில்தான். கணக்கும் ஆங்கிலமும் கை கொடுக்க வேண்டும், இந்தி பேசும் ஊரில் வருடக்கணக்கில் குடியிருக்கத் தயாராக இருக்க வேண்டும். சொந்த ஊரில் சி.பி.ஐ. அதிகாரியாக வலம் வரலாம் என்று கனவு காண்பவருக்கு ஒரு தகவல்: 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு சி.பி.ஐ.க்குக் கொடுத்திருந்த பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே புது வழக்கு எடுக்க மாநிலத்தின் சம்மதமோ கோர்ட் உத்தரவோ வேண்டும்.

அடுத்தது ஆய்வகம். இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பழம்பெருமை உண்டு. 1849லேயே மதராஸில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிவிட்டது. விஷம் வைத்துக் கொன்ற வழக்குகள் அந்தக் காலத்தில் அங்கேதான் வந்தன. அந்த வழியில் வந்ததுதான் இன்று மயிலாப்பூரில் இருக்கும் தடயவியல் துறை. 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, இடுப்பில் கட்டியிருந்த பெல்ட் வெடிகுண்டு அது என்பதைச் சிதறிக் கிடந்த துணுக்குகளில் இருந்து சொன்னவர் அப்போதைய இயக்குநர் பி. சந்திரசேகரன். படம் எடுத்த ஹரிபாபு அந்த இடத்திலேயே இறந்துபோனார், அவருடைய கேமரா தப்பியது. அதில் இருந்த படங்கள்தான் விசாரணைக்கு வழி காட்டின.

இதைக் கேட்டால் யாருக்கும் ஃபாரன்சிக் படிக்க ஆசை வரும். அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அரசு ஆய்வகத்தில் இளநிலை அறிவியல் அலுவலர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுக்கிறார்கள். இடங்கள் குறைவு. வேதியியல், உயிரியல், இயற்பியல் என்று பிரிவு பிரிவாகத்தான் வேலையே நடக்கிறது. ப்ளஸ் டூ முடித்ததும் பி.எஸ்சி. ஃபாரன்சிக் சேரும் பிள்ளைகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொண்டு, எந்தப் பிரிவிலும் ஆழம் இல்லாமல் நிற்பதைப் பார்க்கிறேன். என் கணக்கில் பி.எஸ்சி. வேதியியல் வைத்திருப்பவன் அவர்களைவிட ஒரு படி முன்னால்தான் இருக்கிறான். எம்.எஸ்சி.யில் ஃபாரன்சிக் எடுத்துக்கொண்டால் போதும். காந்திநகரில் இருக்கும் தேசிய தடயவியல் பல்கலைக்கழகம் 2009ல் குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாக ஆரம்பித்து 2020ல் தேசிய நிறுவனம் ஆனது. இந்தத் துறையில் பெயர் உள்ள இடம் அதுதான். இன்னொன்று, கைரேகைப் பிரிவுக்கென்றே அறிவியல் பட்டதாரிகளை எஸ்.ஐ. பதவிக்குச் சீருடைப் பணியாளர் வாரியம் 2018ல் தனியாகத் தேர்வு செய்தது. அப்படி ஒரு அறிவிப்பு மறுபடி வந்தால் தவற விடக்கூடாது.

ஆய்வக வேலை எல்லோர் மனசுக்கும் ஒத்துவராது. அரக்கு சீல் வைத்த பொட்டலம் வரும். சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் முதல் வேலை. யார் கொன்றார், ஏன் கொன்றார் என்பதெல்லாம் உனக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் நல்லது. ரத்தக் கறை பட்ட சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பினால் வந்து சேரும்போது பூஞ்சை பிடித்திருக்கும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். அனுப்புகிற ஸ்டேஷனில் இது தெரிந்தவர் ஒருவர் இருந்தால் ஒரு வழக்கே பிழைக்கும். அதனால்தான் காக்கிக்குப் போனாலும் தடயவியல் தெரிந்து போ என்கிறேன்.

இனி தனியார் பக்கம். என் வேலையிலிருந்தே ஒரு உதாரணம். பைக் விபத்து, காலில் எலும்பு முறிவு. எஃப்.ஐ.ஆரில் பின்னால் வந்த லாரி இடித்ததாக இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டதோ பதினோராம் நாள். நஷ்டஈடு கேட்டு தீர்ப்பாயத்தில் மனு வந்துவிட்டது. லாரிக்கு இன்ஷூரன்ஸ் எங்கள் கம்பெனி. முதலில் அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பிக்கு எழுதிக் கொடுத்தேன். விபத்து என்று யார் வந்தாலும் டியூட்டி டாக்டர் எழுதும் பதிவேடு அது. கைக்கு வர மூன்று வாரம் ஆனது. சம்பவம் நடந்த ராத்திரியே டாக்டர் எழுதியிருக்கிறார்: நாய் குறுக்கே வந்ததால் டூவீலரிலிருந்து தானாகக் கீழே விழுந்ததாகச் சொல்லப்பட்டது. அப்புறம் பைக்கைத் தேடிப் போனேன். வலது ஹேண்டில் முனை, ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் மூன்றும் தார் ரோட்டில் தேய்ந்திருந்தன. பின் மட்கார்டில் ஒரு கீறல் இல்லை. தானாக விழுந்தவருக்கு மூன்றாம் நபர் நஷ்டஈடு கிடையாது, அதனால் பதினொரு நாளில் எங்கிருந்தோ ஒரு லாரி வந்துவிட்டது.

இதில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கதவைத் தட்டலாம், திறக்கச் சொல்ல முடியாது. சோதனை போட முடியாது, சம்மன் அனுப்ப முடியாது. டீக்கடையில் பேச்சுக் கொடுக்கத் தெரிய வேண்டும், ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு உரசிப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆனால் ஒரு சௌகரியம் உண்டு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலும் சரி, கம்பெனிக்குள் நடக்கும் துறை விசாரணையிலும் சரி, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவு போதும். தெருவிளக்கு ஒன்று விட்டுப்போனதற்காக என் அறிக்கை குப்பைக்குப் போகாது. இதனாலேயே தனியார் விசாரணையில் பலருக்குக் கை சோம்பலாகிவிடுகிறது என்பதும் உண்மை. நானும் விதிவிலக்கில்லை.

வங்கி, பெரிய கம்பெனி, ஆடிட் நிறுவனம் என்று போனால் விசாரணை முழுக்கக் கணக்கிலும் மின்னஞ்சலிலும் நடக்கும். டெலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. நான்கிலும் மோசடி விசாரணைக்கென்றே குழுக்கள் உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனி விவகாரம் வெடித்ததே, அதில் வங்கியில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த ரசீதை நம்பாமல் வங்கியை நேரடியாகக் கேட்டிருந்தால் வெகு முன்பே வெளிவந்திருக்கும். பி.காம்., சி.ஏ. படித்தவர்களுக்கு இந்த வழிதான் சரி. அமெரிக்காவில் 1988ல் தொடங்கிய சங்கம் ஒன்று மோசடி விசாரிப்பவர்களுக்குத் தரும் சி.எஃப்.இ. சான்றிதழுக்கு இங்கேயும் மதிப்பு இருக்கிறது. சி.ஏ. முடித்தவர்களுக்கு அவர்களுடைய இன்ஸ்டிடியூட்டே தடயவியல் கணக்காய்வுப் படிப்பு நடத்துகிறது. அரசு அதிகாரமும் கணக்கு வேலையும் சேர்ந்து வேண்டுமென்றால் கம்பெனி மோசடிகளை விசாரிக்கும் எஸ்.எஃப்.ஐ.ஓ. இருக்கிறது. அங்கே அதிகாரிகளுக்குக் கைது செய்யவும் அதிகாரம் உண்டு.

அரசு, தனியார் இரண்டுக்கும் ஒரே மாதிரி தேவைப்படும் திறமை எது என்றால் டிஜிட்டல் தடயம்தான். இன்றைக்கு எந்த கேஸிலும் ஒரு போன் இருக்கிறது, ஒரு சி.சி.டி.வி. இருக்கிறது. அதன் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய புதுச் சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவில் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் ஹாஷ் மதிப்பு, அதாவது ஒரு ஃபைலுக்குக் கைரேகை மாதிரி கணக்கிட்டு எடுக்கும் எண், எழுத இடம் விட்டிருக்கிறது. அதை எடுக்கக் கற்றுக்கொள்ள ஃபீஸ் எதுவும் கட்ட வேண்டாம். எஃப்.டி.கே. இமேஜர், ஆட்டாப்ஸி என்ற இரண்டு மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. உன் பென் டிரைவையே நகல் எடுத்துப் பார். ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் எடு. உள்ளே ஒரே ஒரு காற்புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி எடு. மொத்த எண்ணும் மாறியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதற்குப் போதும்.

டிடெக்டிவ் ஏஜென்சி பற்றியும் கேட்டான். முதல் வேலையாக அதைச் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் துப்பறியும் தொழிலுக்கென்று லைசென்ஸ் சட்டமே இல்லை. 2007ல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவில்லை. 2005ஆம் வருடச் சட்டம் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கானது. வருகிற வேலையில் பெரும்பாலானது கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை, பெண் பற்றி விசாரிப்பது. அதில் தப்பில்லை. ஆனால் வாடிக்கையாளர் அவசரப்படுத்தும்போது அடுத்தவர் போன் அழைப்பு விவரத்தை எங்கிருந்தாவது வாங்கிக் கொடுக்கத் தோன்றும். 2018ல் மகாராஷ்டிராவின் தானேயில் இதற்காகவே தனியார் துப்பறிவாளர்கள் கைதானார்கள். சொல்லித்தர மூத்தவரும் இல்லாமல், காப்பாற்றச் சட்டமும் இல்லாமல் இருபத்து மூன்று வயதில் அங்கே போக வேண்டாம்.

படிப்பில் இன்னும் இரண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. நல்ல துறைகள், ஆனால் அங்கே கற்பது குற்றம் ஏன் நடக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது, தண்டனை எதற்கு என்பது. மகஜர் எழுதுவதற்காக அங்கே சேர்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். மூன்று வருட எல்.எல்.பி. எந்தப் பக்கம் போனாலும் வீணாகாது. நான் அதைச் செய்யாமல் விட்டதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. அந்த ஆறு மாத சர்டிஃபிகேட்? எந்த அரசுத் தேர்வும் அதைக் கேட்பதில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, விடுதலையில் முடிந்த கொலை வழக்குகளின் ஹைகோர்ட் தீர்ப்புகளை இணையத்தில் எடுத்துப் படி என்றேன். விசாரணையில் எங்கே ஓட்டை விழுந்தது என்று நீதிபதியே வரிசையாக எழுதியிருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "டேய், உன் உயரம் எவ்வளவு?" என்று கேட்டேன். ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 167. மார்பு 81, மூச்சை இழுத்தால் 86. அவன் சுவரில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கூப்பிட்டான். செருப்பு போட்டால் 171. கழற்றினால் 169. எங்கள் வகுப்புக்கு 170. ஒரு சென்டிமீட்டரில் எஸ்.ஐ. வழி அடைபட்டது, நான் படித்த காலத்தில் ஒரு வருடம் படித்துத் தேறிவிட்டு அளக்கிற இடத்தில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சி.பி.ஐ. எஸ்.ஐ.க்கு 165 போதும், ஆய்வகத்துக்கு உயரமே பார்ப்பதில்லை. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறான். கூடவே சி.ஜி.எல்.லுக்குக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறான். இரண்டு முயற்சி, அதற்குமேல் இழுக்கக்கூடாது என்று அக்காவும் சொல்லிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குத் தீர்ப்பாயத்தில் வாய்தா. லீவு போட்டுவிட்டு என்னோடு வருகிறானாம். பக்கத்து செஷன்ஸ் கோர்ட்டில் உட்கார்ந்து பார்க்க நோட்டு எடுத்துவரலாமா என்று கேட்டிருக்கிறான். எடுத்து வா, போனை மட்டும் சைலன்ட்டில் போடு என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.